பேர் பெற்ற காலேஜா, கட்டுப்படியாகிற காலேஜா: கவுன்சலிங்குக்கு முன் போட வேண்டிய கணக்கு

பொறியியல் கலந்தாய்வில் ஒரு சுற்றுக்கு சாய்ஸ் ஃபில்லிங் (வேண்டிய கல்லூரி, பிராஞ்சுகளை விருப்ப வரிசையில் பதிவது) திறந்திருப்பது மிஞ்சிப்போனால் மூன்று நாள். எதிரே 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள், ஒவ்வொன்றிலும் ஏழெட்டு பிராஞ்ச். அந்த மூன்று நாளில் உட்கார்ந்து யோசித்தால் கடைசியில் ஜெயிப்பது பேர்தான். சொந்தக்காரர் யாரோ "நல்ல காலேஜாச்சே" என்று சொன்ன பேர். பேர் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் எந்தப் பேருக்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கக் கூடாது என்று பிரித்துப் பார்க்க இரண்டு வாரமாவது வேண்டும். விண்ணப்பம் போட்டதற்கும் ரேங்க் பட்டியல் வருவதற்கும் நடுவில் கிடைக்கும் நாட்கள் இதற்குச் சரியாக இருக்கும்.

இங்கே சொல்வதெல்லாம் தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையை மனதில் வைத்து. நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் என்ஐடியும் (மத்திய அரசின் தேசியத் தொழில்நுட்பக் கழகம்) பட்டியலில் இருக்கிறவர்களுக்கும் கணக்கு இதேதான், எண்கள் மட்டும் மாறும்.

சீட் எந்த வழியில் வருகிறது

கல்லூரியை ஒப்பிடுவதற்கு முன் இதை முடிவு செய்ய வேண்டும். ஒரே வகுப்பில் பக்கத்து பக்கத்து பெஞ்சில் உட்காரும் இரண்டு பேர் இரண்டு மடங்கு வித்தியாசத்தில் கட்டணம் கட்டுவது இங்கே சாதாரணம்.

தனியார் சுயநிதிக் கல்லூரிகளுக்கு 2017-ல் கட்டண நிர்ணயக் குழு வைத்த உச்சவரம்பு இது: கவுன்சலிங் சீட்டுக்கு ஆண்டுக்கு ரூ.50,000, என்பிஏ (படிப்புகளின் தரத்தைச் சோதிக்கும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் பெற்ற படிப்பு என்றால் ரூ.55,000, மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு (கல்லூரியே நேரடியாக நிரப்பும் இடம்) முறையே ரூ.85,000, ரூ.87,000. இந்த வருஷம் என்ன தொகை என்பதை உத்தரவைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். இரண்டு வழிக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் நீங்கள் கவனிக்க வேண்டியது.

அதைவிடப் பெரிய இடைவெளி சலுகைகளில். குடும்பத்தில் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை கவுன்சலிங் வழியாக வந்த சீட்டுக்குத்தான் உண்டு. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தவர்களுக்கு அது கிடையாது. பிப்ரவரி, மார்ச்சிலேயே "சீட் போயிடும் சார், இப்பவே புக் பண்ணிடுங்க" என்று தொலைபேசி வரும். ஐம்பதாயிரம் முன்பணம் கட்டி மேனேஜ்மென்ட் சீட்டைப் பிடித்துவைத்த குடும்பங்களில் பலர், ஜூலையில் அதே கல்லூரி, அதே பிராஞ்ச் கவுன்சலிங்கிலேயே கிடைத்திருக்கும் கட் ஆஃப் வைத்திருப்பவர்களாகத்தான் இருப்பார்கள். முந்தைய ஆண்டுகளின் கட் ஆஃப், கல்லூரி வாரியாக, பிராஞ்ச் வாரியாக, சாதிப் பிரிவு வாரியாக டிஎன்இஏ (தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை) இணையதளத்திலேயே கிடைக்கிறது. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்கு உங்கள் கட் ஆஃபைக் கணக்கிட்டு, அந்தப் பட்டியலில் தேடிய பிறகு தொலைபேசிக்குப் பதில் சொல்லுங்கள்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் நிலைமை தனி. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. பணம் என்ற கேள்வியே பெரும்பாலும் விழுந்துவிடுவதால், இவர்கள் பேரையும் தரத்தையும் தாராளமாக முன்னால் வைக்கலாம். நடப்பது நேர்மாறு: செலவு பயத்தில் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற சுமாரான கல்லூரியை முதல் சாய்ஸாகப் போட்டுவிட்டு, எட்டக்கூடிய தூரத்தில் இருந்த கோவையின் பெரிய கல்லூரிகளையோ கிண்டி பொறியியல் கல்லூரியையோ விட்டுவிடுகிறார்கள். இதைத் தலைமையாசிரியர்கள் ஒவ்வொரு வீட்டிலும் போய்ச் சொன்னால் தேவலை.

ஜேஇஇ (என்ஐடி, ஐஐடிகளுக்கான தேசிய நுழைவுத் தேர்வு) வழியாக வருகிறவர்களுக்கும் இப்படி ஒரு திருப்பம் உண்டு. என்ஐடிகளில் பி.டெக் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு ரூ.1.25 லட்சம், ஐஐடிகளில் ரூ.2 லட்சம் என்று பார்த்ததும் பலர் பின்வாங்குகிறார்கள். குடும்ப வருமானம் ரூ.1 லட்சத்துக்குள் என்றால் முழுத் தள்ளுபடி. 1 முதல் 5 லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு வருமானம் பார்க்காமல் முழுத் தள்ளுபடி. ஆக, ஆண்டு வருமானம் 4.5 லட்சம் உள்ள வீட்டுப் பிள்ளை திருச்சி என்ஐடியில் கட்டும் கல்விக் கட்டணம் சுமார் ரூ.41,700. தனியார் கல்லூரியின் கவுன்சலிங் சீட்டைவிடக் குறைவு.

நாலு வருஷத் தொகையை ஒரே தாளில் எழுதுங்கள்

முதல் வருஷக் கட்டணத்தை வைத்து ஒப்பிடுவதால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு தாளில் கல்லூரிக்கு ஒரு பத்தியாகக் கோடு போட்டு, கீழ்க்கண்ட வரிகளை நிரப்புங்கள்: கல்விக் கட்டணம், "இதர கட்டணம்" அல்லது "வளர்ச்சிக் கட்டணம்" என்று வாங்குவது, தேர்வுக் கட்டணம், பிளேஸ்மென்ட் பயிற்சிக்கு என்று தனியாக வாங்குவது, ஹாஸ்டல் வாடகை, மெஸ், வீட்டிலிருந்து போகிறவர் என்றால் காலேஜ் பஸ், ஊருக்குப் போய்வரும் செலவு, ஒரு முறை மட்டும் வரும் லேப்டாப், முன்வைப்புத் தொகை, சீருடை. இதில் பாதியைக் கல்லூரி இணையதளம் சொல்லாது. இரண்டாம் வருஷம் படிக்கிற ஒருவரிடம் போன வருஷ ரசீதுகளின் படத்தை அனுப்பச் சொன்னால் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

ஒரு மாதிரிக் கணக்கு. எண்கள் உதாரணத்துக்காக; உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அரசுக் கல்லூரி: கட்டணம் 15,000, ஹாஸ்டல் மெஸ் 45,000. ஆண்டுக்கு 60,000, நாலு வருஷத்துக்கு 2.4 லட்சம்.

பேர் பெற்ற தனியார் தன்னாட்சிக் கல்லூரி, கவுன்சலிங் சீட்: கல்விக் கட்டணம் 55,000, இதரம் 30,000, ஹாஸ்டல் மெஸ் 90,000. ஆண்டுக்கு 1.75 லட்சம், மொத்தம் 7 லட்சம். முதல் பட்டதாரிச் சலுகையாக ஆண்டுக்கு 25,000 கழிந்தால் 6 லட்சம்.

நிகர்நிலைப் பல்கலைக்கழகம்: கட்டணம் 2 லட்சம், "50 சதவீத ஸ்காலர்ஷிப்" என்று கடிதம் வந்திருக்கிறது, ஹாஸ்டல் மெஸ் 1.2 லட்சம். ஸ்காலர்ஷிப் கடைசிவரை நின்றால் 8.8 லட்சம். முதல் வருஷத்தோடு போய்விட்டால் 2.2 லட்சமும், அப்புறம் மூன்று வருஷம் 3.2 லட்சமும்: மொத்தம் 11.8 லட்சம்.

பாதிக் கட்டணம் தள்ளுபடி என்ற பிறகும் மூன்றில் விலை உயர்ந்தது அதுதான். தள்ளுபடி எத்தனை சதவீதம் என்பது காகிதத்தில் பெரிதாக அச்சாகும். நீங்கள் பார்க்க வேண்டியது தள்ளுபடி போக மிச்சம் கட்டுவது எவ்வளவு என்று மட்டும். ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடிக்கு நாம் காட்டும் எச்சரிக்கையில் கால்வாசி போதும்.

அரசு உதவி பெறும் கல்லூரிகளில் ஒரு நுணுக்கம். கோவை பிஎஸ்ஜி டெக், சிஐடி, மதுரை தியாகராசர் போன்றவற்றில் சில பிராஞ்சுகள் அரசு உதவியில் நடப்பவை, சில சுயநிதியில் நடப்பவை. ஒரே வளாகம், ஆனால் கட்டணம் வேறு. சாய்ஸ் பட்டியலில் பிராஞ்ச் பெயருக்குப் பின்னால் "எஸ்எஸ்" என்ற இரண்டெழுத்து ஒட்டியிருந்தால் அது சுயநிதி வகுப்பு. அதைக் கவனிக்காமல் டிக் அடித்துவிட்டு, சேரும் நாளில் கவுன்டரில் திகைத்து நிற்பவர்கள் உண்டு. கல்லூரிக் குறியீட்டு எண்ணையும் பாருங்கள். பிஎஸ்ஜி டெக் 2006, பிஎஸ்ஜி ஐடெக் 2377. இரண்டும் வேறு வேறு கல்லூரி. பாதிப் பெயர் ஒத்துப்போகும் கல்லூரிகள் தமிழ்நாட்டில் நிறைய.

ஸ்காலர்ஷிப் கடிதத்தை வாசிக்கும் விதம்

கல்லூரியே தரும் ஸ்காலர்ஷிப் என்றால் இந்தக் கேள்விகளுக்கு மின்னஞ்சலில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். சேர்க்கை அலுவலகத்தில் வாயால் சொல்வது செல்லாது. சதவீதம் எதன் மேல், கல்விக் கட்டணத்தின் மேலா மொத்தத்தின் மேலா? எத்தனை வருஷத்துக்கு? தொடர என்ன சிஜிபிஏ (எல்லா செமஸ்டருக்கும் சேர்த்து 10-க்குக் கணக்கிடும் சராசரி) வேண்டும், ஒரு அரியர் விழுந்தால் என்ன ஆகும்? ஹாஸ்டலில் தங்கினால்தான் உண்டா? கட்டணத்திலேயே கழிப்பார்களா, முழுதாகக் கட்டிய பின் திருப்பித் தருவார்களா?

சிஜிபிஏ நிபந்தனைதான் பெரும்பாலும் ஆளைக் கவிழ்ப்பது. 8.5 என்பது பிளஸ் டூவில் 95 சதவீதம் வாங்கியவருக்குச் சுலபமாகத் தோன்றும். முதல் செமஸ்டரில் பொறியியல் கணிதம், வரைபடம், புதிய ஊர், ஆங்கிலத்தில் வகுப்பு எல்லாம் சேர்ந்து வரும்போது தமிழ்வழியில் படித்து வந்த நல்ல மாணவர்களுக்கே அது 7.8 ஆகிவிடுவதுண்டு. அதனால் பட்ஜெட் போடும்போது ஸ்காலர்ஷிப் முதல் வருஷத்தோடு நின்றுவிடும் என்று வைத்து ஒரு கணக்குப் போடுங்கள். அந்தக் கணக்கிலும் குடும்பம் தாங்கும் என்றால் மட்டும் அந்தக் கல்லூரி பட்டியலில் இருக்கலாம்.

வெளியிலிருந்து வருபவை நம்பகமானவை, ஆனால் விண்ணப்பிக்க வேண்டியது நீங்கள்தான். ஏஐசிடிஇயின் (தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அரசு அமைப்பு) பிரகதி திட்டம் பெண்களுக்கு ஆண்டுக்கு ரூ.50,000 தருகிறது, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை. மாற்றுத்திறனாளிகளுக்கு சக்‌ஷம் திட்டம். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் ரூ.1,000 வீதம். இதற்கெல்லாம் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு மாணவர் பெயரிலேயே இருக்க வேண்டும். பள்ளிச் சான்றிதழில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் இன்ஷியல் உட்பட ஒன்றாக இருக்க வேண்டும். பணம் வராமல் நிற்கும் விண்ணப்பங்களை எடுத்துப் பார்த்தால் காரணம் அநேகமாக அந்த இன்ஷியல்தான். மே மாதத்திலேயே சரிசெய்துவிடுங்கள். முதல் பட்டதாரிச் சான்று, வருமானச் சான்று, சாதிச் சான்று எல்லாவற்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தாலும் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று நகர்ந்து வர நாள் பிடிக்கும். வீட்டில் அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டம் முடித்திருந்தால் முதல் பட்டதாரிச் சான்று கிடைக்காது. கிடைக்கும் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

கடன் வாங்கிப் பேர் வாங்கலாமா

கல்விக் கடன் 4 லட்சம் வரை பொதுவாக அடமானம் கேட்பதில்லை. உத்தரவாத நிதித் திட்டத்தின் கீழ் 7.5 லட்சம் வரை அடமானமில்லாமல் தர வழியுண்டு. படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி அந்தக் காலத்திலும் ஓடிக்கொண்டிருக்கும். இதைப் பலர் கடைசி வருஷத்தில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் நாலு வருஷம், 10 சதவீதத் தனிவட்டி என்று வைத்துக்கொள்வோம். முதல் லட்சத்துக்கு ஐந்து வருஷ வட்டி 50,000, அடுத்ததற்கு 40,000, பிறகு 30,000, 20,000. தவணை ஆரம்பிக்கும் நாளில் கடன் 5.4 லட்சம். ஏழு வருஷத்தில் அடைக்க மாதம் சுமார் ரூ.9,000. ஆண்டுக்கு 2 லட்சம் வாங்கினால் இதெல்லாம் இரட்டிப்பு: 10.8 லட்சம், மாதம் சுமார் ரூ.18,000.

இதைச் சம்பளத்தோடு வைத்துப் பாருங்கள். ஆண்டுக்கு 3.5 லட்சம் என்று சேரும் புதியவர் கையில் வாங்குவது மாதம் 25,000 அளவு. அதில் 9,000 போனால் சென்னையிலோ பெங்களூரிலோ நாலு பேராக அறை எடுத்துச் சமாளிக்கலாம். 18,000 போனால் அப்பாதான் கட்ட வேண்டும். தவணை, எதிர்பார்க்கும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று ஒரு கோடு போட்டுக்கொள்வது நல்லது. எதிர்பார்க்கும் சம்பளம் என்றால் அந்தக் கல்லூரியின் நடுமதிப்புச் சம்பளம் (பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் கீழும் வாங்குவது). பேனரில் போடும் அதிகபட்சச் சம்பளம் அல்ல.

குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால் தவணை விடுப்புக் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் உண்டு. வங்கி மேலாளர் தானாகச் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள், தகுதி இருக்கிறதா என்று பார்த்து வருமானச் சான்றோடு முதல் வருஷத்திலேயே பதிவு செய்யச் சொல்லுங்கள்.

பேரை எடைபோடுவது எப்படி

பேர் என்பதில் மூன்று சரக்கு கலந்திருக்கிறது: உள்ளே வரும் மாணவர்களின் தரம், வாத்தியார்கள், வேலைக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனிகள். மூன்றும் தனித்தனியாக அளக்கக் கூடியவை. அளந்த பிறகு மிஞ்சுவது வெறும் விளம்பரம். அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

மாணவர் தரத்துக்குப் போன வருஷக் கட் ஆஃப் போதும். அதிலும் உங்கள் பிரிவின் கடைசி மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல், பொதுப் பிரிவில் அந்த பிராஞ்ச் எங்கே நிரம்பியது, எந்தச் சுற்றில் நிரம்பியது என்று பாருங்கள். முதல் சுற்றிலேயே நிரம்பிய வகுப்பும் மூன்றாம் சுற்றில் பாதி காலியாக நின்ற வகுப்பும் ஒரே கல்லூரிக்குள் இருக்கும். நாலு வருஷம் கூட உட்கார்ந்து படிக்கப்போவது அந்த வகுப்பு, கல்லூரியின் முகப்புக் கோபுரம் அல்ல.

வேலைவாய்ப்புக்கு, கல்லூரி இணையதளத்தின் அடியில் என்ஐஆர்எஃப் என்று ஒரு இணைப்பு இருக்கும். மத்திய அரசின் தரவரிசைக்காகக் கல்லூரி சமர்ப்பித்த தரவு அங்கே பிடிஎஃப்பாகக் கிடக்கும். தரவரிசை எண்ணைவிட அந்தப் பிடிஎஃப் பத்து மடங்கு உபயோகம். நாலு வருஷ இளநிலைப் பட்டத்துக்கான அட்டவணையைத் திறந்தால் முதல் வருஷம் சேர்ந்தவர்கள், உரிய காலத்தில் முடித்தவர்கள், வேலை கிடைத்தவர்கள், நடுமதிப்புச் சம்பளம், மேற்படிப்புக்குப் போனவர்கள் என்று வரிசையாக இருக்கும். ஒரு உதாரணம்: சேர்ந்தவர்கள் 1,080, முடித்தவர்கள் 900, வேலை கிடைத்தவர்கள் 640. விளம்பரத்தில் இது "92 சதவீதம்" ஆகிவிடும், ஏனென்றால் அரியர் இல்லாமல் பதிவு செய்த 695 பேரை மட்டும் வகுக்கும் எண்ணாக வைத்துக்கொள்வார்கள். சேர்ந்தவர்களால் வகுத்தால் 59. இரண்டு எண்ணும் பொய்யில்லை. உங்கள் பிள்ளை சேரப்போவது 1,080-ல் ஒருவராக.

அதே பிடிஎஃப்பில் மாணவர் எண்ணிக்கை அட்டவணையின் கடைசிப் பத்திகளைப் பாருங்கள். அரசிடமிருந்து முழுக் கட்டணம் பெற்றவர்கள் எத்தனை, கல்லூரியின் சொந்த நிதியிலிருந்து பெற்றவர்கள் எத்தனை, எதுவும் பெறாதவர்கள் எத்தனை என்று இருக்கும். "தாராளமாக ஸ்காலர்ஷிப் தருகிறோம்" என்று சொல்லும் கல்லூரியில் நாலாயிரம் பேருக்கு இருபது பேர்தான் அந்தப் பத்தியில் இருந்தால் மேலே பேச ஒன்றுமில்லை.

இந்தத் தரவு முழுக் கல்லூரிக்கும் சேர்ந்தது. பிராஞ்ச் வாரியாக வேண்டுமென்றால் பிளேஸ்மென்ட் அலுவலகத்தில் கேளுங்கள்: போன வருஷம் இந்தத் துறையில் எத்தனை பேர், எந்தெந்தக் கம்பெனி, எவ்வளவு சம்பளம். ஒருவருக்கு மூன்று ஆஃபர் வந்தால் மூன்றாக எண்ணியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். இயந்திரவியல், சிவில் என்றால் துறை சார்ந்த கம்பெனிகள் எத்தனை வந்தன என்று தனியாகக் கேட்க வேண்டும். எல்லோரையும் மென்பொருள் கம்பெனி எடுத்துக்கொண்டால் அதுவும் வேலைதான், ஆனால் நீங்கள் மெக்கானிக்கல் தேர்ந்தெடுத்த காரணம் அதுவல்ல.

அங்கீகாரத்தில் நாக் (கல்லூரிகளைத் தரம் பார்க்கும் தேசிய அமைப்பு) என்பது முழுக் கல்லூரிக்கு, என்பிஏ என்பது தனித்தனிப் படிப்புக்கு. வாசலில் "என்பிஏ அங்கீகாரம்" என்று பலகை இருந்தாலும் உங்கள் பிராஞ்சுக்கு இருக்கிறதா, எந்த ஆண்டுவரை என்று கேளுங்கள். செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல், சைபர் பாதுகாப்பு என்று புதிதாக வந்த பிராஞ்சுகளில் படித்து வெளியேறிய அணி குறைந்தது இரண்டு இருக்கிறதா என்பதும் முக்கியம். பல இடங்களில் பழைய கம்ப்யூட்டர் துறையின் அதே வாத்தியார்கள்தான் புதிய பலகைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் நஷ்டமில்லை, ஆனால் அதற்காக ஒரு நல்ல கல்லூரியின் ஈசிஇயை (மின்னணு, தொடர்பியல் பிராஞ்ச்) விட்டுவிட்டு வருவது வீண்.

"காலேஜா பிராஞ்சா" என்ற பழைய சண்டைக்கு ஒரு கைக்கணக்கு: முதல் இருபது, இருபத்தைந்து கல்லூரிகளுக்குள் என்றால் கல்லூரியைப் பாருங்கள், ஏனென்றால் அங்கே வரும் மென்பொருள் கம்பெனிகளில் பல பிராஞ்ச் பார்ப்பதில்லை. அதற்குக் கீழே போனால் பிராஞ்சும் செலவும் முன்னால் வரட்டும். அந்தக் கீழ்த்தட்டில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் பேரில் உள்ள வித்தியாசம் பேருந்து முதுகில் ஒட்டிய விளம்பரத்தின் அளவுதான்.

வளாகத்தை நேரில் பார்க்கும் நாள்

கல்லூரி ஏற்பாடு செய்யும் திறந்த நாளில் போகாதீர்கள். செமஸ்டர் நடக்கும் ஒரு வார நாளில், மதியம் மூன்று மணிக்குப் போய் ஆறு மணிவரை இருங்கள். சேர்க்கை நேரத்தில் வகுப்பு இல்லையென்றால் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவர்களையாவது பிடியுங்கள். கல்லூரி தரும் வழிகாட்டி மாணவரை விட, வாசலுக்கு எதிரே டீக்கடையில் நிற்கும் மூன்றாம் வருஷத்துக்காரர்கள் சொல்வது உபயோகம்.

நூலகத்தில் வருகைப் பதிவேட்டைப் புரட்டுங்கள். நேற்று மாலை நாலு மணிக்கு மேல் எத்தனை கையெழுத்து? ஆய்வகத்தில் லேத் மேல் தூசி இருக்கிறதா, எண்ணெய் இருக்கிறதா? கணினி ஆய்வகம் ஐந்து மணிக்குப் பூட்டப்படுகிறதா? அறிவிப்புப் பலகையில் என்ன இருக்கிறது என்பதை நின்று வாசியுங்கள். அடையாள அட்டை அணியாததற்கு அபராதம், தாடிக்கு அபராதம், மொபைல் பறிமுதல் என்று மட்டும் இருந்தால் ஒரு மாதிரி. கிளப் கூட்டம், ஹேக்கத்தான், சீனியர் நடத்தும் பைதான் வகுப்பு என்று கையால் எழுதி ஒட்டியிருந்தால் இன்னொரு மாதிரி.

கேட்க வேண்டியவை: போட்டிக்கு வெளியூர் போனால் ஓடி (ஆன் டியூட்டி, அந்த நாட்களை வருகையாகக் கணக்கிடுவது) கிடைக்குமா, எத்தனை நாள்? எட்டாவது செமஸ்டரில் ஆறு மாதம் இன்டர்ன்ஷிப்புக்கு விடுவார்களா? 75 சதவீத வருகை இல்லையென்றால் மருத்துவச் சான்று ஏற்கிறார்களா, நேராக டிடெயினா (தேர்வு எழுத விடாமல் நிறுத்துவது)? பெண்கள் விடுதிக்கு உள்ளே வரும் நேரம் என்ன, ஆண்கள் விடுதிக்கு என்ன? கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். நூலகம் எட்டு மணிவரை திறந்திருந்து, பெண்கள் ஆறு மணிக்கு விடுதிக்குள் இருக்க வேண்டும் என்றால் பிளேஸ்மென்ட் சீசனில் குழுவாகத் தயார் ஆகும் மாலைகள் அவர்களுக்கு இல்லை. இருவரும் கட்டுவது ஒரே கட்டணம்.

கண்டிப்பான கல்லூரி என்றால் பெற்றோருக்கு ஒரு நிம்மதி. ஆணும் பெண்ணும் பேசக் கூடாது, தனித் தனிப் படிக்கட்டு என்கிற அளவுக்குப் போனால் அது ஒழுக்கம் கற்றுத் தருவதில்லை, நேர்காணலில் எதிரே உட்காரும் பெண் அதிகாரியிடம் பேசத் திணறுவதில்தான் முடிகிறது. அதே சமயம் தினமும் சிறுதேர்வு, மாலை ஸ்டடி என்று விடாமல் பிடித்துவைக்கும் கல்லூரி, தானாகப் படிக்காத பிள்ளைக்கு அரியரைக் குறைக்கும். தானாகப் படிக்கிற, சொந்தமாக ஏதாவது செய்துபார்க்கிற பிள்ளையின் மாலை நேரத்தை அதுவே தின்றுவிடும். உங்கள் பிள்ளை எந்த ரகம் என்று பிள்ளையிடமே கேளுங்கள். பதினேழு வயதில் அதற்கு நேர்மையான பதில் இருக்கும்.

ஹாஸ்டலில் ஏப்ரல் மாதம் தண்ணீர் வருகிறதா, ஒரு தளத்துக்கு எத்தனை குளியலறை என்று பாருங்கள். மெஸ் கணக்கு எப்படி என்பதும் தெரிய வேண்டும். அரசுக் கல்லூரி விடுதிகளில் பெரும்பாலும் டிவைடிங் முறை: அந்த மாதச் செலவைச் சாப்பிட்ட நாட்களால் வகுத்துப் பில் போடுவார்கள், ஊருக்குப் போன நாட்களுக்குக் கழிவு உண்டு. தனியாரில் வருஷத்துக்கு ஒரே தொகை. தீபாவளி, பொங்கல், செமஸ்டர் விடுமுறை என்று வீட்டில் சாப்பிட்ட நாட்களுக்கும் சேர்த்துத்தான் கட்டுகிறீர்கள். ராகிங் பற்றி மாணவர்களிடம் நேராகக் கேளுங்கள். தேசிய உதவி எண் 1800-180-5522 விடுதிச் சுவரில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அதுவே ஒரு தகவல்.

பட்டியலை நிரப்பும் வரிசை

கணினி உங்கள் சாய்ஸ் பட்டியலை மேலிருந்து கீழே படிக்கும்; உங்கள் ரேங்குக்குக் கிடைக்கக்கூடிய முதல் இடத்தைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். அதனால் "கிடைக்காது" என்று நினைக்கும் கல்லூரியை மேலே போடுவதில் எந்த நஷ்டமும் இல்லை. நஷ்டம் வருவது இரண்டு வழியில்தான். ஒன்று, கட்டுப்படியாகாத கல்லூரியை ஆசைக்கு மேலே வைப்பது. கிடைத்துவிட்டால் கீழே இருந்த கட்டுப்படியானது கண்ணில் படாமலே போய்விடும். நாலு வருஷத் தாளில் சிவப்புக் கோடு விழுந்த கல்லூரிகளை அடித்துவிட்டு, மிச்சத்தை விருப்ப வரிசையில் அடுக்குங்கள். இன்னொன்று, பட்டியல் குட்டையாக இருப்பது. கட் ஆஃப் ஒரு வருஷத்துக்கு ஒரு வருஷம் இரண்டு மூன்று மதிப்பெண் நகரும், கேள்வித்தாள் சுலபமாக இருந்த வருஷம் இன்னும் அதிகம். உங்கள் கட் ஆஃபுக்கு ஐந்து மேலிருந்து பத்து கீழ்வரை உள்ளவற்றைப் போட்டால் நாற்பது, ஐம்பது சாய்ஸ் வந்துவிடும். அதுதான் சரியான நீளம்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஐந்து வழிகளில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: ஏற்றுச் சேர்வது, ஏற்றுக்கொண்டு மேலே கிடைத்தால் மாறுவது, இதை மறுத்து மேலே உள்ளதற்கு மட்டும் காத்திருப்பது, மறுத்து அடுத்த சுற்றுக்குப் போவது, விலகுவது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து மேலே உள்ள இடம் கிடைத்துவிட்டால் பழைய இடம் போய்விடும், திரும்ப வராது. எனவே வரிசை சரியாக அடுக்கியிருந்தால்தான் அது பாதுகாப்பானது. உறுதி செய்ய இரண்டு நாள்தான் தருவார்கள். அந்த இரண்டு நாளில் புதிதாக யாரிடமும் அபிப்பிராயம் கேட்காதீர்கள். தாளில் எழுதியிருப்பதைப் பாருங்கள்.

சேரும்போது எந்தத் தொகைக்கும் ரசீது இல்லாமல் கட்ட வேண்டாம். நன்கொடை கேட்பது 1992-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்ததும் திருப்பிக் கேளுங்கள், ஐந்து செட் நகல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்த பிறகு வேறிடத்தில் நல்ல சீட் கிடைத்தால், ஏஐசிடிஇ அறிவிக்கும் கடைசித் தேதிக்குள் எழுத்தில் விலகினால் அதிகபட்சம் ரூ.1,000 கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கல்லூரி திருப்பித் தர வேண்டும். விலகல் கடிதத்தை மின்னஞ்சலிலும் அனுப்பி, அலுவலகத்தில் கொடுத்த நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்; தகராறு வந்தால் கேட்கப்படுவது அந்தத் தேதிதான்.